பெயர் மட்டும் ஊருக்குப் போனது: மவுண்டன்பைக்ஸ் கம்பெனியின் முதல் நான்கு வருடங்கள்

நம்மூர் சைக்கிள் கடை எதற்காவது போய், தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாரும் உள்ள ஒரு வண்டியைக் காட்டி இது என்ன வகை என்று கேளுங்கள். "எம்டிபி சார்" என்பார் கடைக்காரர். மவுண்டன் பைக் என்பதன் சுருக்கம். அந்த வண்டி வாழ்நாளில் ஒரு மலையையும் பார்க்கப் போவதில்லை. டியூஷனுக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும். ஆனால் பெயர் பெயர்தான். 1979-ல் இந்தப் பெயர் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. இரண்டு சொல்லையும் இடைவெளி விடாமல் சேர்த்து 'மவுண்டன்பைக்ஸ்' என்று எழுதினார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் ஆன்செல்மோ என்ற சிற்றூரில் ஒரு வாடகைக் கேரேஜ். முதலாளிகள் இரண்டு பேர்: கேரி ஃபிஷர், சார்லி கெல்லி. சைக்கிளின் சட்டத்தை, அதாவது ஃபிரேமை, செய்து கொடுத்தவர் மூன்றாமவர், டாம் ரிச்சி.

பழைய சைக்கிள் சேகரிப்பவர்கள் நடுவே இந்தக் கம்பெனியின் முதல் நான்கு வருடங்களைப் பற்றி இன்றைக்கும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. அதற்குக் காரணம் உண்டு. மற்ற கம்பெனிகளின் வரலாற்றைப் பெயரை வைத்துத் தேடலாம். இங்கே பெயரே பொதுச்சொல்லாகிவிட்டது. போதாததற்கு ஒரே வண்டியில் இரண்டு பெயர், செய்தவர் ஒரு ஊர், விற்றவர்கள் இன்னொரு ஊர். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் இன்னொருவர் வீட்டில் போய் நிற்கும்.

கதை சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் கவுண்டியில் தொடங்குகிறது. அங்கே தமல்பாயஸ் என்று ஒரு மலை, 2,571 அடி. பெயரில் 'தமல்' இருக்கிறதே என்று நாம் சொந்தம் கொண்டாட வேண்டாம். அது கோஸ்ட் மிவோக் பழங்குடியினரின் சொல். மலையைச் சுற்றித் தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண் சாலைகள் நிறைய. 1970-களின் தொடக்கத்தில் அந்த வட்டார இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைச் சில டாலருக்கு வாங்கி, மட்கார்டு, செயின் கவர் எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு இந்தச் சாலைகளில் உருட்டிவிட ஆரம்பித்தார்கள். 'கிளங்கர்' என்பது அந்த வண்டிகளுக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர். நாம் 'டப்பா வண்டி' என்போமே, அதுதான்.

ஏன் ஷ்வின்? 1933-ல் அந்தச் சிகாகோ கம்பெனி பலூன் டயர் போட்ட சைக்கிளை இறக்கியது. 26 அங்குலச் சக்கரம், 2.125 அங்குல அகல டயர், பையன்கள் எப்படிப் போட்டு அடித்தாலும் தாங்கும் சட்டம். பேப்பர் போடும் பையன்களுக்கான வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் கழித்து மலையிறக்கத்துக்கு அதுவே வாகாக அமைந்தது, குறிப்பாக எக்செல்சியர் என்ற மாடல். அதற்கப்புறம் முப்பது வருடம் உலகம் முழுக்க மலை சைக்கிள் என்றால் 26 அங்குலச் சக்கரம் என்று இருந்ததற்கு வேறு பெரிய விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை. குப்பையில் கிடைத்த வண்டியில் அந்தச் சக்கரம் இருந்தது, அவ்வளவுதான்.

ஃபிஷரும் கெல்லியும் அசல் ரேஸ் சைக்கிள்காரர்கள். வெலோ கிளப் தமல்பாயஸ் என்ற சங்கத்தில் இருந்தவர்கள். தலைமுடி நீளமாக இருக்கிறது என்று சொல்லி 1960-களின் கடைசியில் ஃபிஷரைப் பந்தயத்திலிருந்தே ஒதுக்கி வைத்திருந்தார்கள். கெல்லி ஒரு ராக் இசைக் குழுவுக்கு மேடைச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். 1974 டிசம்பரில் மரினிலேயே இருக்கும் மில் வேலியில், மண்ணிலும் சேற்றிலும் ஓட்டும் சைக்கிள்கிராஸ் பந்தயம் ஒன்று நடந்தது. அதற்குத் தெற்கே குபர்ட்டினோவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அவர்களும் தடித்த டயர் வண்டிதான் வைத்திருந்தார்கள், ஆனால் அதில் கியர் இருந்தது. கட்டைவிரலால் தள்ளும் கியர் லீவர் ஹேண்டில்பாரிலேயே இருந்தது. மரின்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். குபர்ட்டினோக்காரர்கள் அதற்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. சுமார் இருபது வருடம் கழித்துத்தான் அவர்கள் யார் எவர் என்று தேடிப் பிடித்தார்கள். 'முதல் மலை சைக்கிள் யாருடையது' என்ற கேள்விக்கு நேர்ப்பதில் கிடைக்காது என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

ஃபிஷர் தன் எக்செல்சியரில் கியர் மாட்டினார். டிரம் பிரேக், மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர், முன்னால் மூன்று பல்சக்கரம். முன்பெல்லாம் மலை ஏற வேண்டுமானால் தள்ளிக்கொண்டு போவார்கள், அல்லது யாருடைய லாரியிலாவது ஏற்றிப் போவார்கள். இப்போது மிதித்தே ஏறலாம். இறங்குவதற்கு மட்டும் என்று இருந்த வண்டி போய்வருவதற்கான வண்டியாக மாறியது இந்த இடத்தில்தான்.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ரீபேக் பந்தயம் தொடங்கியது. இரண்டு மைல் சொச்சம் தூரம், 1,300 அடி இறக்கம். பழைய சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் பிடிக்கும் பிரேக், பின்சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை அந்த இறக்கத்தில் இறங்கினால் ஹப்பில் இருக்கும் கிரீஸ் மொத்தமும் வெந்து புகையாகப் போய்விடும். மறுபடி ஓட்ட வேண்டுமானால் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படித் திரும்ப அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக். பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது. முதல் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். விழாமல் கீழே வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். பிற்காலத்தில் ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது அந்தப் பாதையின் சாதனை. அந்தக் கூட்டத்தில் இன்னொருவரான ஜோ பிரீஸ் அவருக்கு இரண்டே விநாடி பின்னால்.

இந்தப் பந்தயத்தால் நடந்த முக்கியமான விஷயம் வேறு. வண்டிகள் உடைந்தன. வாரம் தவறாமல் உடைந்தன. சட்டம் விரிசல் விட்டது, முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் வளைந்தது. 1930-களில் செய்த ஷ்வின் சட்டங்களோ எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தன. பழைய இரும்பு தீர்ந்துபோனால் விளையாட்டும் தீர்ந்துவிடும் என்ற நிலை. புதிதாகச் சட்டம் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதற்கு மூலகாரணம் இந்தத் தட்டுப்பாடு. கெல்லி முதலில் 1976-ல் கிரெய்க் மிட்செல் என்பவரிடம் ஒரு சட்டம் செய்யச் சொன்னார். அது மனதுக்குப் பிடிக்காமல் பழைய ஷ்வின்னுக்கே திரும்பினார். அடுத்து ஜோ பிரீஸிடம் கேட்டார். பிரீஸ் 1977-ல் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் முதல் வண்டியை முடித்தார். 1978-க்குள் மொத்தம் பத்து. பிரீஸர் என்று பெயர். மலைப் பாதைக்கென்றே புதுக் குழாயில் செய்த வண்டிகளில் வரலாற்றாசிரியர்கள் முதலிடம் கொடுப்பது பெரும்பாலும் இதற்குத்தான். முதல் பிரீஸர் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் பத்து வண்டி என்பது கம்பெனி ஆகாது. பிரீஸ் நிதானமாக வேலை செய்பவர். கேட்பவர்களோ கூடிக்கொண்டே போனார்கள்.

இந்த இடத்தில் டாம் ரிச்சி வருகிறார். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பாலோ ஆல்ட்டோ பக்கத்துக்காரர். பள்ளியில் படிக்கும்போதே ரேஸ் சைக்கிள் சட்டம் செய்ய ஆரம்பித்தவர், ரேஸிலும் பெரியவர்களை முந்தியவர். ஜோப்ஸ்ட் பிரான்ட் என்ற பொறியாளரோடு சேர்ந்து, மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிளிலேயே சான்ட்டா குரூஸ் மலையின் மண் பாதைகளில் நாள் முழுக்கச் சுற்றிப் பழகியவர். அதாவது மலையில் ஓட்டுவதற்கு அவருக்கு மரின்காரர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரீஸும் ஓட்டிஸ் கை என்ற அவர் நண்பரும் இரண்டு பேர் மிதிக்கும் டாண்டம் சைக்கிள் ஒன்றை ரிச்சியிடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்த விஷயமாகப் போனபோது பிரீஸரை ரிச்சி பார்த்தார். பார்த்தவுடன் பிடித்துக்கொண்டது. செய்தி ஃபிஷர் காதுக்குப் போக, எனக்கும் ஒன்று செய்து கொடு என்றார். 1979-ல் ரிச்சி மூன்று சட்டம் செய்தார்: தனக்கு ஒன்று, ஃபிஷருக்கு ஒன்று, ஃபிஷர் விற்பதற்கு இன்னொன்று.

அதோடு நிற்கவில்லை. கை வேகம் உள்ளவர் ஆயிற்றே. அதே வருடம் இன்னும் ஒன்பது செய்து வைத்துவிட்டார். அவருடைய வட்டாரத்தில் வாங்க ஆள் இல்லை. ஃபிஷருக்குப் போன் போட்டு, விற்றுத் தர முடியுமா என்று கேட்டார். ஃபிஷர் கெல்லியிடம் சொன்னார். இருவரும் பையில் இருந்த சில நூறு டாலரைப் போட்டு வங்கிக் கணக்கு தொடங்கினார்கள். மவுண்டன்பைக்ஸ் கம்பெனி பிறந்த கதை இவ்வளவுதான்: விற்காமல் தேங்கிய ஒன்பது சட்டங்கள். 1953-லேயே தனக்கென்று ஒரு காட்டுப் பாதை சைக்கிளைச் செய்து ஓட்டிய ஜான் ஃபின்லி ஸ்காட் என்ற சமூகவியல் பேராசிரியர் பின்னால் இவர்களுக்குப் பணம் கொடுத்து உதவினார். இருபத்தைந்து வருடமாகத் தனியாளாக ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, கடைசியில் கூட்டாளிகள் கிடைத்த சந்தோஷம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

முதல் வருடத்தில் சுமார் 160 வண்டி விற்றது. விலை 1,300 டாலர். அன்றைக்கு அது நல்ல ரேஸ் சைக்கிளின் விலையையும் தாண்டியது. வாங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் ஒரு குட்டி ஐக்கிய நாடுகள் சபையே இருக்கும். பெடல் மாட்டும் கிராங்க் பிரான்ஸின் டி.ஏ. கம்பெனியுடையது, நெடும்பயண சைக்கிள்களுக்குச் செய்தது. பிரேக்கும் பிரான்ஸ், மாஃபாக், டாண்டம் சைக்கிளுக்கானது. பிரேக் லீவர் ஜெர்மனியின் மகூரா, அது மோட்டார் சைக்கிளுடையது. கியர் லீவர் ஜப்பானின் சன்டூர். மலை சைக்கிளுக்கென்று உதிரிபாகம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. அதனால் வேறு வேறு வண்டிகளுக்குச் செய்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார்கள். 26 அங்குல அலுமினிய ரிம் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. பழைய இரும்பு ரிம்மை விட்டொழித்ததில் மட்டும் எடை கணிசமாக இறங்கியது. எல்லாவற்றையும் பொருத்தி, வாங்கியவர் அப்படியே ஏறி ஓட்டலாம் என்ற நிலையில் கொடுத்தார்கள். என் கணக்கில் இந்தக் கம்பெனியின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். சட்டத்தைப் பிரீஸ் முன்னாலேயே செய்துவிட்டார். கியரைக் குபர்ட்டினோக்காரர்கள் அதற்கும் முன்னால் மாட்டிவிட்டார்கள். காசைக் கொடுத்தால் இன்னும் ஒன்று கிடைக்கும், அதற்கு ஒரு பெயர் உண்டு என்ற நிலைமையைத்தான் இவர்கள் உண்டாக்கினார்கள்.

ரிச்சியின் கைவேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்மூர் கறுப்புச் சைக்கிளில் இரண்டு குழாய்கள் சேருமிடத்தில் வெளியே தெரிகிற மாதிரி ஓர் உறை இருக்கும். லக் என்பார்கள். குழாயை அதற்குள் செருகிப் பற்றவைப்பார்கள். இதில் ஒரு சங்கடம்: லக் எந்த அளவிலும் எந்தக் கோணத்திலும் வார்க்கப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக் குழாயை, அந்தக் கோணத்தில்தான் சேர்க்க முடியும். சந்தையில் கிடைத்த லக் எல்லாம் ரேஸ் சைக்கிளுக்கானவை. மலை வண்டிக்கோ பருமனான குழாய் வேண்டும், முன்போர்க் இன்னும் சாய்வாக நிற்க வேண்டும். ரிச்சி லக்கையே விட்டுவிட்டார். ஒரு குழாயின் முனையை மற்றதன் வளைவுக்கு ஏற்ப அராவி உட்கார வைத்து, சுற்றிலும் பித்தளையை உருக்கி ஊற்றி, ஆறிய பிறகு ராவி வழவழப்பாக்கினார். பெயின்ட் அடித்தபின் பார்த்தால் குழாய்கள் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்த மாதிரி இருக்கும். மரக்கிளை பிரியும் இடத்தைத் தடவிப் பார்த்திருந்தால் புரியும். இந்த வேலை பலருக்குத் தெரியும்; வேகமாகவும் நேர்த்தியாகவும் செய்ய ஒரு சிலரால்தான் முடியும். கேரேஜ் கம்பெனி ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கு மேல் விற்க முடிந்ததற்கு அந்தக் கை வேகம்தான் காரணம்.

ஹேண்டில்பாரும் தனி அடையாளம். ஹேண்டில்பார் வேறு, அதைத் தாங்கும் தண்டு வேறு என்று இல்லாமல், இரண்டையும் முக்கோண வடிவில் ஒன்றாகப் பற்றவைத்தது. 'புல்மூஸ்' என்பார்கள். குழியில் விழுந்தாலும் ஹேண்டில் திரும்பிப் போகாது. பின்னால் எல்லாக் கம்பெனியும் இதைக் காப்பியடித்தது.

சரி, பெயருக்கு வருவோம். கெல்லியும் ஃபிஷரும் மவுண்டன்பைக்ஸ் என்ற பெயரை வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய முயன்றார்கள். நடக்கவில்லை. மற்றவர்கள் முதலில் கொஞ்ச காலம் தயங்கினார்கள். 'ஆல் டெரெய்ன் பைக்', அதாவது எந்தத் தரையிலும் ஓடும் சைக்கிள், சுருக்கமாக ஏடிபி என்று ஒரு மாற்றுப் பெயரைச் சைக்கிள் வியாபாரிகள் புழக்கத்தில் விட்டுப் பார்த்தார்கள். 1980-களின் விளம்பரங்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். வாயில் நிற்கவில்லை. 'மலை சைக்கிள்' என்ற சொல்லில் ஒரு படம் இருக்கிறது. 'எந்தத் தரையிலும்' என்பதில் என்ன இருக்கிறது? ஜனங்கள் எதைச் சொல்வார்கள் என்பது முதல் நாளே முடிவாகிவிட்ட விஷயம்.

அடுத்த அடி ஸ்பெஷலைஸ்டு கம்பெனியிடமிருந்து வந்தது. மைக் சின்யார்ட் 1974-ல் தொடங்கிய கம்பெனி அது. ஐரோப்பாவிலிருந்து உதிரிபாகம் தருவித்து விற்றுக்கொண்டிருந்தது. சின்யார்ட் மவுண்டன்பைக்ஸிடமிருந்து நான்கு ரிச்சி வண்டிகளை வாங்கினார். 1981-ல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டி வந்தது. ஜப்பானில் தயாரானது, புல்மூஸ் ஹேண்டில்பார், மாஃபாக் பிரேக், டி.ஏ. கிராங்க். விலை 750 டாலர். வாங்கிய நான்கு வண்டிகளைப் பார்த்துச் செய்த நகல் என்பது ஃபிஷர்-கெல்லி பக்கத்து நியாயம். வடிவமைத்தவர் டிம் நீனன். அவர் ஏற்கெனவே 'லைட்ஹவுஸ்' என்ற பெயரில் இது போன்ற வண்டி செய்துகொண்டிருந்தவர் என்பது எதிர்ப்பக்கத்து நியாயம். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கு நியாயமா முக்கியம்? ஒருவரே உட்கார்ந்து ராவித் தீட்டும் சட்டம் 1,300. தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வருவது 750. அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. ஜப்பானிய உதிரிபாகக் கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. 1982-ல் மலை சைக்கிளுக்கென்றே ஷிமானோ செய்த டியோர் எக்ஸ்டி உதிரிபாகத் தொகுதி வந்தபின், மோட்டார் சைக்கிள் லீவரையும் டாண்டம் பிரேக்கையும் தேடி அலைய வேண்டிய அவசியமே போனது. அலைந்து திரட்டத் தெரிந்ததுதான் மவுண்டன்பைக்ஸின் சாமர்த்தியம். அதற்கு இனி மதிப்பில்லை.

1983-ல் மூவரும் பிரிந்தார்கள். ரிச்சி தன் பெயரில் தனியாக விற்க ஆரம்பித்தார். கெல்லி விலகினார். ஃபிஷர் 'ஃபிஷர் மவுண்டன்பைக்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார். 1991-ல் அந்தக் கம்பெனி தைவானின் ஆன்லென் கைக்குப் போனது. 1993-ல் டிரெக் என்ற அமெரிக்க சைக்கிள் கம்பெனி வாங்கியது. அதன் பின் வந்த கேரி ஃபிஷர் வண்டிகளை வேறு கதையாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் குறிப்பிடலாம்: 26 அங்குலச் சக்கரத்தை ஊரெல்லாம் பரப்பியவரின் பெயர் போட்ட வண்டிகள்தான் 2000-களின் தொடக்கத்தில் 29 அங்குலத்தைத் துணிந்து தூக்கிப்பிடித்தன. உண்மையில் பெரிய சக்கரத்துக்கான வாய்ப்பு ஆரம்பத்திலேயே வந்தது. ஜெஃப் ஆப்ஸ் என்ற ஆங்கிலேயர் ஃபின்லாந்தில் பனிக்காகச் செய்த பெரிய அளவு டயர்களை இவர்களுக்கு அனுப்பிவைத்தார். டயர் தொடர்ந்து கிடைப்பது நிச்சயமில்லை என்பதால் அது அப்படியே நின்றுபோனது. கையில் கிடைத்தது ஜெயித்தது, மறுபடியும்.

இன்று 1979 முதல் 1983 வரையிலான வண்டி ஒன்று எங்காவது பழைய கேரேஜில் கிடைத்தால் அதை எப்படி அடையாளம் காண்பது? ஸ்டிக்கரை நம்பக் கூடாது. யார் வேண்டுமானாலும் புதிதாக அச்சடித்து ஒட்டலாம். உதிரிபாகங்களில் தேதி இருக்கும். ஷிமானோ 1976 முதல் இரண்டு எழுத்துக் குறி போட்டது: முதல் எழுத்து வருடம், 1976-க்கு ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து மாதம். அப்படியானால் ஏழாவது எழுத்தும் நான்காவது எழுத்தும் சேர்ந்து வந்தால் 1982 ஏப்ரல். இந்தக் கணக்கு சுவாரசியமானதுதான், ஆனால் அது அந்தப் பாகத்தின் ஜாதகம், வண்டியின் ஜாதகம் அல்ல. நாற்பது வருடத்தில் மலையில் ஓடிய வண்டியில் சக்கரமும் கியரும் எத்தனை முறை மாறியிருக்கும்? எல்லாப் பாகமும் புத்தம் புதிதாக, காலத்துக்குச் சரியாகப் பொருந்தி வந்தால் எனக்குச் சந்தேகம்தான் அதிகமாகும். கடைசியில் பித்தளை மூட்டுதான் சாட்சி. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மஞ்சள் தெரிகிறதா, ராவிய வளைவு எல்லா மூட்டிலும் ஒரே சீராக இருக்கிறதா, பின்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள் சட்டத்தோடு சேரும் முனை எப்படி முடிந்திருக்கிறது என்று பழகியவர்கள் தடவிப் பார்த்துச் சொல்வார்கள். கையெழுத்து மாதிரி அது. ரிச்சியுடையதைப் போலச் செய்ய முயன்ற சட்டங்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஸ்டிக்கர் சொல்லும் கதையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டத்தில் ரிச்சி என்ற பெயர் இருந்தது. விற்ற கம்பெனியின் பெயர் மவுண்டன்பைக்ஸ். வாங்கியவர்கள் 'ரிச்சி மவுண்டன் பைக்' என்று படித்தார்கள். ரிச்சி என்பது கம்பெனி, மவுண்டன் பைக் என்பது பொருள் என்று எடுத்துக்கொள்வதுதானே இயல்பு? பெயர் பறிபோனதில் நீதிமன்றத்துக்கோ பதிவு அலுவலகத்துக்கோ எவ்வளவு பங்கோ, அந்த ஸ்டிக்கருக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தவரின் பெயரைப் பெரிதாகப் போட்டு மரியாதை செய்தார்கள். அதிலேயே தங்கள் பெயர் வெறும் விவரணையாகிப் போனது.

ரிச்சியின் பெயரில் ஹேண்டில்பாரும் டயரும் இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன. பிரீஸர் என்ற பெயரும் போகவில்லை. கேரி ஃபிஷர் என்ற தனிப் பிராண்டை 2010-ல் டிரெக் தன் வண்டிகளுக்குள்ளேயே ஒரு வரிசையாகச் சுருக்கிக்கொண்டது. சார்லி கெல்லி, கம்பெனியிலிருந்து வெளியே வந்த பிறகு, அதே மரின் கவுண்டியில் பல வருடம் வீடு வீடாகப் பியானோ தூக்கி மாற்றிக் கொடுக்கும் தொழில் நடத்தினார்.